வாகன மோடத்தில் இருப்பிட அறிவிப்பை அமைத்தல்

வாகன மோடம் என்பது ஆம்புலன்ஸ், காவல் ரோந்து வண்டி, பேருந்து, சரக்கு லாரி போன்றவற்றில் நிலையாகப் பொருத்தப்பட்டு, கைப்பேசி வலையமைப்பின் வழியே தகவலை அனுப்பவும் பெறவும் பயன்படும் கம்பியில்லாக் கருவி ஆகும். இதனுள் ஜிபிஎஸ் ஏற்பியும் இருக்குமானால், வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதைத் தானே கணித்துக் கட்டுப்பாட்டு அறையில் உள்ள வழங்கிக்கு, அதாவது சர்வருக்கு, அறிவிக்கும். இப்பணிக்காக மோடத்தில் செய்யப்படும் இணைப்புகளும் அமைப்புகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும் புள்ளி, வண்டி கடைசியாக அறிவித்த இடத்தையே காட்டுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 5 வினாடியில் சுமார் 83 மீட்டர் கடந்துவிடும். 5 நிமிடத்தில் 5 கி.மீ. போய்விடும். விபத்து நடந்த இடத்துக்கு அருகில் உள்ள ஆம்புலன்ஸ் எது என்று திரையைப் பார்த்து முடிவு செய்பவருக்கு, அந்தப் புள்ளி எத்தனை வினாடி பழையது என்பது மிக முக்கியமான செய்தி. மோடத்தின் அமைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைத்தான் தீர்மானிக்கின்றன. விலை உயர்ந்த கருவியை வாங்கி, தொழிற்சாலை அமைப்பை மாற்றாமல் ஓடவிட்டால் கிடைப்பது பெரும்பாலும் அழகான, ஆனால் பழைய வரைபடம்தான்.

ஆண்டெனா பொருத்துதல்

வாகன மோடத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டெனாக்கள் வேண்டும்: கைப்பேசி வலையமைப்புக்கு ஒன்று, செயற்கைக்கோளுக்கு ஒன்று. சிறிய கருவிகளில் இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெரிய வண்டிகளில் கூரையின் மேல் ஒரே குமிழுக்குள் இரண்டையும் வைத்து, தனித்தனிக் கேபிள்களாக இறக்குவது வழக்கம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரையை வந்தடையும் சமிக்ஞை மிகமிக மெலிந்தது. உலோகத் தகட்டை அது ஊடுருவாது. எனவே ஆண்டெனா வானத்தைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டேஷ்போர்டின் அடியில் வைத்தால் வேலை செய்யும். உலோகக் கூரைக்கு உட்புறம் ஒட்டினால் செய்யாது. சில முன்கண்ணாடிகளில் வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு இருக்கும். அதற்குப் பின்னால் வைத்த ஆண்டெனா சில நாள் இடத்தைப் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. இவ்வகைப் பழுதைக் கண்டுபிடிப்பது முற்றிலும் செத்துப்போன கருவியைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

வெளியே பொருத்தும் ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்குள் பெருக்கி ஒன்று உண்டு. அதற்கான மின்சாரம் கேபிள் வழியாகவே மோடத்திலிருந்து செல்கிறது. கேபிளைக் கூர்மையாக மடக்குவதும், கதவிடுக்கில் நசுங்க விடுவதும் சமிக்ஞையோடு இந்த மின்சாரத்தையும் கெடுத்துவிடும்.

மின் இணைப்பு

வாகன மோடங்களில் பொதுவாக மூன்று கம்பிகள் இணைக்கப்படுகின்றன. ஒன்று பாட்டரியின் நேர்முனையிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் கம்பி. இரண்டாவது வண்டியின் உடலோடு சேரும் எர்த் கம்பி. மூன்றாவது சாவி நிலையைச் சொல்லும் இக்னிஷன் கம்பி. நேர்முனைக் கம்பியில் பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். கம்பிகளின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் நிறத்தை நம்பாமல் கையேட்டைப் பார்ப்பது நல்லது. கார்களில் 12 வோல்ட்டும், பேருந்து லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட்டும் இருக்கும். இரண்டையும் ஏற்கும் மோடங்கள் உண்டு, எல்லாம் அப்படியல்ல.

வேலையை விரைவில் முடிக்க நினைக்கும் பணியாளர் மூன்றாவது கம்பியை விட்டுவிட்டு, அதையும் நேர்முனையோடு சேர்த்து முறுக்கிவிடுவதுண்டு. மோடம் உடனே உயிர்பெறும். வேலை முடிந்ததுபோல் தெரியும். ஆனால் வண்டி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகவே மோடம் எண்ணும். அது சராசரியாக அரை ஆம்பியர் எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி செலவாகும். 60 ஆம்பியர்-மணி பாட்டரி உள்ள வண்டி மூன்று நாள் நின்றால் 36 ஆம்பியர்-மணி, அதாவது பாதிக்கும் மேல், போய்விடும். நான்காம் நாள் காலையில் வண்டி கிளம்பாது. பழி பாட்டரி மேல் விழும்.

இக்னிஷன் கம்பியை எந்த இடத்தில் இணைப்பது என்பதிலும் கவனம் தேவை. வானொலி போன்ற துணைக் கருவிகளுக்குச் செல்லும் இணைப்பு, ஸ்டார்ட்டர் சுற்றும் சில வினாடிகளுக்குத் துண்டிக்கப்படும். அங்கிருந்து எடுத்தால் ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் பயணம் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியதாகப் பதிவாகலாம். சாவி 'ஆன்' நிலையில் இருக்கும் வரை தொடர்ந்து மின்சாரம் வரும் இணைப்பே ஏற்றது.

இதன் பிறகு மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். சாவியை அணைத்த பின் எத்தனை நிமிடம் விழித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. பாட்டரி எந்த வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மோடம் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. ஆம்புலன்ஸ் நோயாளியை இறக்கும் நேரத்தில் சாவி அணைந்திருக்கலாம், ஆனால் வண்டி பணியில்தான் இருக்கிறது. அத்தகைய வண்டிக்கு விழித்திருக்கும் நேரத்தை நீட்டி வைப்பது அவசியம்.

சிம்மும் ஏபிஎன்னும்

மோடத்தில் போடும் சிம், கருவிகளுக்கென வழங்கப்படும் தரவுச் சேவைச் சிம்மாக இருப்பது நல்லது. ஏபிஎன் என்பது கைப்பேசி வலையமைப்பிலிருந்து இணையத்துக்கோ ஒரு நிறுவனத்தின் தனி வலைக்கோ செல்லும் வாசலின் பெயர். அதில் ஓர் எழுத்து பிழைத்தாலும் சிக்னல் முழுதாகக் காட்டும், தரவு மட்டும் போகாது.

பொதுச் சேவையில் மோடத்துக்குக் கிடைக்கும் இணைய முகவரி நிலையானதன்று. பெரும்பாலும் பல பயனர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் வழங்கியிலிருந்து மோடத்தைத் தேடிப்பிடித்து "எங்கே இருக்கிறாய்" என்று கேட்பது இயலாது. மோடம்தான் வழங்கியின் முகவரிக்கும் போர்ட் எண்ணுக்கும் தானாக அனுப்ப வேண்டும். மோடத்தை நோக்கி அலுவலகத்திலிருந்து நேரே இணைய வேண்டிய தேவை இருந்தால் தனியார் ஏபிஎன் பெறுவது வழி.

அனுப்பும் முறை யுடிபி, டிசிபி என இரண்டு வகைப்படும். யுடிபி முறையில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற உறுதி கிடைக்காது. ஆனால் எடை குறைவு, தாமதம் குறைவு. டிசிபி உறுதியைத் தரும். ஆனால் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் பழைய செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்ப முயன்று புதிய செய்தியைக் காக்க வைக்கும். சில தயாரிப்பாளர்கள் யுடிபியின் மேல் ஒப்புகைச் செய்தியைச் சேர்த்து இடைவழி ஒன்றைத் தருகிறார்கள். உடனடி இருப்பிடம் மட்டும் தேவைப்படும் பணிக்கு யுடிபி போதும். பயணப் பதிவு சான்றாகப் பயன்படும் இடத்தில் ஒப்புகை வேண்டும்.

செய்தியின் வடிவம்

மோடமும் வழங்கியும் ஒரே வடிவத்தில் பேச வேண்டும். பரவலாக உள்ளது என்எம்இஏ 0183. முதலில் கப்பல் கருவிகளுக்காக உருவான இவ்வடிவத்தில் ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட தகவல்களைக் கொண்டு, இறுதியில் பிழை சரிபார்க்கும் இரண்டு எழுத்துகளோடு முடியும். ஜிஜிஏ என்ற வரியில் இடம், உயரம், கணிப்பில் பயன்பட்ட செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை ஆகியவை இருக்கும். ஆர்எம்சி என்ற வரியில் இடத்தோடு வேகம், திசை, தேதி ஆகியவை வரும். தேதி தேவைப்படும் பணிக்கு ஜிஜிஏ மட்டும் போதாது, அதில் நேரம் உண்டு, தேதி இல்லை.

இவ்வடிவத்தில் அகலாங்கும் நெட்டாங்கும் பாகையும் கலையுமாக ஒட்டி எழுதப்படுகின்றன. ஒரு பாகைக்கு 60 கலை. சென்னையின் மையப் பகுதியில் உள்ள ஓர் இடம் தசம பாகையில் 13.0827 வடக்கு, 80.2707 கிழக்கு என்று கொள்வோம். என்எம்இஏ வரியில் இது 1304.962 என்றும் 08016.242 என்றும் வரும். அதாவது 13 பாகை 4.962 கலை, 80 பாகை 16.242 கலை. இதை அறியாமல் நிரல் எழுதுபவர் புள்ளியை மட்டும் நகர்த்தி 13.04962, 80.16242 என்று படித்துவிட்டால், வண்டி தெற்கே சுமார் 3.7 கி.மீ., மேற்கே சுமார் 11.7 கி.மீ. தள்ளிப் போய்ப் போரூர்ப் பக்கம் நிற்கும். இப்பிழை வெளிப்படையாகத் தெரியாது. புள்ளி கடலிலோ வேறு நாட்டிலோ விழுந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சென்னைக்குள்ளேயே வேறொரு சாலையில் விழும்போது நம்பிவிடத் தோன்றும்.

டிஏஐபி என்பது டிரிம்பிள் நிறுவனம் உருவாக்கிய மற்றொரு வடிவம். காவல், தீயணைப்பு வண்டிகளுக்கான பல மென்பொருள்கள் இதை ஏற்கின்றன. இதில் அகலாங்கும் நெட்டாங்கும் தசம பாகையிலேயே வரும். வேகம் மணிக்கு மைல் கணக்கில் வரும். செய்தியின் கடைசியில் வரும் ஓர் இலக்கம் கவனிக்கத்தக்கது: 2 என்றால் தகவல் 10 வினாடிக்கு உட்பட்டது, 1 என்றால் அதைவிடப் பழையது, 0 என்றால் தகவல் இல்லை. சிறிய செய்தியிலும் "இது எவ்வளவு பழையது" என்பதற்கு ஓரிடம் ஒதுக்கியிருப்பது நல்ல வடிவமைப்பு. வருத்தம் என்னவென்றால், இந்த இலக்கத்தைப் பெற்றும் திரையில் காட்டாத மென்பொருள்கள் உண்டு.

ஒவ்வொரு வண்டிக்கும் தனி அடையாள எண் தரப்பட வேண்டும். டிஏஐபியில் இது நான்கு எழுத்து. எல்லா மோடங்களிலும் தொழிற்சாலை எண்ணையே விட்டுவிட்டால், பத்து வண்டிகள் ஒரே பெயரில் அறிவிக்கும். திரையில் ஒரே ஒரு வண்டி ஊர் முழுதும் தாவிக்கொண்டிருக்கும்.

எப்போது அறிவிப்பது

அறிவிப்புக்கான விதிகளை நேரம், தூரம், திசை, நிகழ்வு என்ற நான்கின் அடிப்படையில் அமைக்கலாம். நேர விதி மட்டும் இருந்தால், நின்றுகொண்டிருக்கும் வண்டி ஒரே இடத்தை நூறு முறை சொல்லும். வேகமாகப் போகும் வண்டியோ இரண்டு அறிவிப்புகளுக்கு இடையே ஒரு சந்திப்பையே தாண்டிவிடும். 30 வினாடிக்கு ஒருமுறை என்றால் 60 கி.மீ. வேகத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 500 மீட்டர் இடைவெளி விழும். தூர விதி மட்டும் இருந்தாலும் சிக்கலே. நிற்கும் வண்டியிலிருந்து எதுவும் வராது; அது நிற்கிறதா, மோடம் பழுதா என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. எனவே "100 மீட்டர் நகர்ந்தால் அறிவி, நகராவிட்டாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவி" என்பதுபோல் இரண்டையும் இணைப்பதே நடைமுறை.

திசை விதி வளைவான சாலைகளில் பயன்படும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரண்டு வளைவுகளைத் தாண்டிய பிறகே அடுத்த புள்ளி வருமானால், வரைபடத்தில் வண்டி மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறியதாகக் கோடு விழும். பயணத் தூரமும் குறைத்துக் கணக்காகும். திசை 30 பாகை திரும்பினால் அறிவி என்று ஒரு விதியைச் சேர்த்தால் ஒவ்வொரு வளைவும் பதிவாகிவிடும்.

நிகழ்வு விதிகள் சாவி போடுதல், அணைத்தல், கதவு திறத்தல், சைரன் ஒலித்தல், அவசரப் பொத்தான் அழுத்துதல், பாட்டரி இணைப்பு துண்டித்தல் ஆகியவற்றோடு கட்டப்படுகின்றன. இவை காத்திருக்காமல் அந்த நொடியே போக வேண்டியவை.

நின்றிருக்கும் வண்டியின் கணிப்பும் சில மீட்டர் அங்குமிங்கும் ஆடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் ஆட்டம் இன்னும் கூடும். தூர விதியை 5 மீட்டர் என்று மிகச் சிறிதாக வைத்தால், பணிமனையில் இரவு முழுதும் நின்ற பேருந்து காலைக்குள் பல கி.மீ. ஓடியதாகக் கணக்குக் காட்டும். சாவி அணைந்திருக்கும்போது தூரத்தைக் கூட்டாமல் இருப்பது, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இயக்கமாகக் கொள்ளாமல் இருப்பது ஆகிய வடிகட்டிகள் இதற்கு உதவும்.

தரவுச் செலவைக் கணக்கிடுவது எளிது. ஒரு செய்தி 100 பைட், யுடிபி முறைத் தலைப்பு 28 பைட், மொத்தம் 128 பைட். 5 வினாடிக்கு ஒன்று வீதம் நாளெல்லாம் அனுப்பினால் 17,280 செய்திகள், சுமார் 2.2 மெகாபைட், மாதத்துக்கு 66 மெகாபைட். இன்றைய கட்டணத்தில் இது பெரிய தொகை அன்று. தரவை மிச்சப்படுத்துவதாக எண்ணி இடைவெளியை 2 நிமிடமாக்கும் வழக்கம் பழைய கட்டண முறையின் எச்சம்.

சிக்னல் இல்லாத இடம்

கைப்பேசிச் சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அப்போது கணித்த இடங்களை மோடம் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்புவதைச் சேமித்து அனுப்பல் என்பர். இவ்வசதி பல மோடங்களில் உண்டு, ஆனால் அதை இயக்கி வைக்க வேண்டும்.

இயக்கிய பின்பும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மலைப்பாதையில் 40 நிமிடம் சிக்னல் இல்லாமல் போன வண்டி, 10 வினாடிக்கு ஒன்று வீதம் 240 பதிவுகளைச் சேர்த்திருக்கும். வினாடிக்கு ஒன்றாக, பழையதிலிருந்து வரிசையாக அனுப்பினால் தீர்ந்து முடிய 4 நிமிடம் ஆகும். அதுவரை கட்டுப்பாட்டு அறை, கடந்துபோன வளைவுகளில் வண்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். வண்டியோ எப்போதோ அடுத்த ஊரை அடைந்திருக்கும். புதிய இடத்தை முதலில் அனுப்பி, பழையவற்றைப் பின்னணியில் அனுப்பும்படி அமைப்பதே அவசரப் பணிகளுக்கு ஏற்றது. அப்படி வரிசை மாறி வரும் பதிவுகளை வழங்கி, வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு அடுக்காமல், இடம் கணிக்கப்பட்ட நேரத்தைக் கொண்டு அடுக்க வேண்டும். இரண்டு நேரங்களும் தனித்தனியே சேமிக்கப்பட வேண்டும்.

நேரம் உலகப் பொது நேரத்தில் வரும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னது. 20:15 என்று பதிவான நிகழ்வு இங்கே மறுநாள் அதிகாலை 1:45. மாற்றம் செய்யாத மென்பொருளில் நாள் மாறுவது காலை 5:30 மணிக்கு. இரவு ஒன்பதுக்குக் கிளம்பி காலை ஆறுக்குச் சேரும் பேருந்தின் ஒரே பயணம், கடைசி அரைமணியில் இரண்டாக உடைந்து இரு நாள் கணக்கில் விழும். மோடத்தில் உலகப் பொது நேரத்தையே விட்டுவைத்து, திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது.

பழைய ஏற்பிகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஜிபிஎஸ் செய்தியில் வார எண் 10 பிட் அளவே என்பதால் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக இது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் நிகழ்ந்தது. மென்பொருள் புதுப்பிக்காத சில கருவிகள் இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டே, தேதியை மட்டும் சுமார் 20 ஆண்டுகள் பின்தள்ளிச் சொல்லும்.

இந்தியத் தரநிலை ஏஐஎஸ் 140

இந்தியாவில் பொதுப் போக்குவரத்து வண்டிகளின் இருப்பிடக் கருவிகளுக்கும் அவசரப் பொத்தான்களுக்கும் ஏஐஎஸ் 140 என்ற தரநிலை உள்ளது. புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இதை வெளியிட்டது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பயணிகளின் பாதுகாப்புக்காக இத்தகைய கருவிகள் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்ற விதி 2016 நவம்பரில் சேர்க்கப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுச் சேவை வண்டிகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கும் இ-ரிக்‌ஷாக்களுக்கும் விலக்கு உண்டு.

மேலே கூறப்பட்ட சிக்கல்களில் பலவற்றுக்கு இத்தரநிலை எண்ணிலேயே விடை தருகிறது. வண்டி ஓடும்போது 5 வினாடிக்கு ஒன்று வரை அறிவிக்கும் திறன் வேண்டும். குறைந்தது 40,000 இருப்பிடப் பதிவுகளைச் சேமிக்க வேண்டும். 5 வினாடி இடைவெளியில் இது 55 மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். வண்டியின் பாட்டரி துண்டிக்கப்பட்டாலும் 4 மணி நேரம் இயங்க உள் பாட்டரி வேண்டும். எளிதில் கழற்ற முடியாத உட்பொதி சிம் வேண்டும். குறைந்தது இரண்டு வழங்கி முகவரிகளுக்கு அனுப்ப இயல வேண்டும். ஒன்று அரசின் கண்காணிப்புக்கு, மற்றொன்று அவசர உதவிக்கு. ஜிபிஎஸ் துல்லியத்தைக் கூட்டும் ககன், இந்தியாவின் சொந்த வழிகாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் ஆகியவற்றுக்கும் இதில் இடம் உண்டு.

கடவுச்சொல்லும் அணுகலும்

இணையத்தோடு இணைந்த மோடம், இணையத்தில் உள்ள மற்றக் கணினிகளைப் போலவே தாக்குதலுக்கு உள்ளாகும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கருவிகளைத் தேடிப் பிடித்து அடிமைப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் சியரா வயர்லெஸ் நிறுவனம், வாகனங்களிலும் பயன்படும் தன் மோடங்களின் கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு வாடிக்கையாளர்களை எச்சரித்தது. கடவுச்சொல்லை மாற்றுதல், வெளி இணையத்திலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வசதியை மூடுதல், மென்பொருளைப் புதுப்பித்தல் ஆகிய மூன்றும் வண்டி பணிமனையை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இருப்பிடப் பதிவு ஓட்டுநரைப் பற்றிய பதிவும் ஆகும். அவர் எங்கே தேநீர் குடித்தார், பணி முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி ஓட்டுநருக்கும் சொல்லிவிடுவது முறை.

சோதனை

முதல் சோதனையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். நெடுநாள் அணைந்திருந்த ஏற்பி முதல் இடத்தைக் கணிக்க ஓரிரு நிமிடம் எடுக்கலாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறைதான் திரும்பச் சொல்கிறது. இடத்தை முழுமையாகக் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும். கூரையிட்ட பணிமனைக்குள் வைத்துப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

பின்னர் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். மோடம் சொல்லும் இடத்தைக் கைப்பேசி வரைபடத்தோடு ஒப்பிடலாம். பயணத் தூரத்தை வண்டியின் ஓடோமீட்டரோடு ஒப்பிடலாம். நடுவழியில் கைப்பேசி ஆண்டெனாவை மட்டும் கால்மணி கழற்றி வைத்து, மீண்டும் மாட்டியதும் அந்தக் கால்மணிப் பதிவுகள் சரியான நேரத்தோடு வந்து சேர்கின்றனவா, அவை வரும்போது வண்டி இப்போது நிற்கும் இடம் திரையில் மறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையை எல்லாரும் தவிர்க்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் வண்டியில் ஒருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.